'டிகிரி முடிச்சிட்டு கிரவுண்டுல சுண்ணாம்பு போடப் போறியா?' – பல்கலைக்கழக விளையாட்டு நிர்வாகத்தில் ஓராண்டுப் பயிற்சி

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.பி.ஏ. முடித்துவிட்டார். மூன்று வருடமும் கல்லூரிக் கபடி டீமில் லெஃப்ட் கார்னர். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பணி அனுபவப் பயிற்சி கிடைக்கும் போலிருக்கிறது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. வீட்டிலோ, "டிகிரி முடிச்சிட்டு கிரவுண்டுல சுண்ணாம்பு போடப் போறியா?" என்கிறார்களாம். போகலாமா, போனால் என்ன கற்றுக்கொள்ளலாம், அப்புறம் என்ன வழி என்று கேட்கிறார்.

தம்பி, சுண்ணாம்பு போடத்தான் போகிறீர்கள். வீட்டில் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. உங்களுக்கே முழுசாகத் தெரிந்திருக்காது. நீங்கள் கோட்டுக்கு உள்ளே நின்று ஆடியவர். நான் இருபது வருடத்துக்கும் மேல் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக இருந்து, கோட்டுக்கு வெளியே நின்றவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கபடிக் களத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். காலை ஐந்தரை மணிக்கு டேப்பும் கயிறும் நாலு முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு போவீர்கள். முதல் கோடு சுலபம். இரண்டாவது கோடு அதற்குச் செங்குத்தாக வர வேண்டும், அங்கேதான் புதிதாக வருகிறவர்கள் கண்ணை நம்பிக் கோட்டை விடுவார்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், இன்னொரு பக்கம் 4 மீட்டர் அளந்து, இரண்டு முனைக்கும் நடுவே சரியாக 5 மீட்டர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூலை சரி. நாலு மூலையும் முடிந்த பிறகு குறுக்கே அளக்க வேண்டும். இரண்டு குறுக்குக் கோடும் 16.40 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று 16.30, இன்னொன்று 16.50 என்று வந்தால் களம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், பாடிப் போகிறவர் தாண்ட வேண்டிய பாக் லைன், அதிலிருந்து ஒரு மீட்டரில் கூடுதல் புள்ளிக்கான போனஸ் லைன். களம் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் போனஸ் எடுப்பது சுலபமாகவும் மறுபக்கம் கஷ்டமாகவும் ஆகிவிடும். கார்னரில் நின்ற உங்களுக்கு நாலு விரற்கடை என்றால் என்ன என்று தெரியும். ஒரு பையன் மூன்று வருடம் பயிற்சி எடுத்து வந்து, நாம் போட்ட கோணல் கோட்டால் தோற்கக் கூடாது. இந்த ஒரு நினைப்பு இருந்தால் சுண்ணாம்பு போடுவது எடுபிடி வேலையாகத் தோன்றாது.

ஆனால் சுண்ணாம்பு இந்த வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் காகிதம்.

நம் பக்கத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நாலு மாவட்டங்களின் கல்லூரிகள் வருகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். இத்தனை கல்லூரிகளுக்கு நடுவே போட்டி நடத்தி, ஆள் தேர்ந்தெடுத்து, முகாம் வைத்து, பல்கலைக்கழக டீமாகத் தென்மண்டலப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிறது. நாம் ஏ.ஐ.யூ. என்போமே, அதுதான். 1925-இல் தொடங்கிய பழைய அமைப்பு. டீம் விளையாட்டுகளில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு மண்டலம், மண்டலத்துக்கு நாலு டீம் மேலே போய் அகில இந்தியப் போட்டியில் ஆடும். 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளும் இப்போது சேர்ந்துவிட்டன. ஆக, ஒரு பையன் கல்லூரி மைதானத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு படிவம், ஒரு கடைசித் தேதி.

பயிற்சியில் உங்களுக்கு முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஃபிக்ஷர், அதாவது யாரோடு யார் ஆடுவது என்ற அட்டவணை போடும் வேலையாக இருக்கும். இதை ஆசையோடு கற்றுக்கொள்ளுங்கள், நல்ல வேலை. 23 கல்லூரிகள் பெயர் கொடுத்திருக்கின்றன என்று வையுங்கள். நாக் அவுட் என்றால் மொத்தம் 22 ஆட்டம். 23-க்கு மேலே உள்ள இரண்டின் அடுக்கு 32, ஆகவே 9 டீமுக்கு பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, கொடுக்க வேண்டும். மேல் பாதியில் 12 டீம், 4 பை. கீழ்ப் பாதியில் 11 டீம், 5 பை. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி டீமுக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் டீமுக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் டீமுக்கு, நாலாவது மேல் பாதியின் கடைசி டீமுக்கு என்று மாறி மாறிப் போகும். முதல் சுற்றில் 7 ஆட்டம், அதில் ஜெயித்த 7 டீமும் பை வாங்கிய 9 டீமும் சேர்ந்து 16. கணக்கு நேராகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடும் என்பார்கள். சரி, போடட்டும். ஆனால் சீட்டுக் குலுக்கும்போது எதிரே இருபது உடற்கல்வி இயக்குநர்கள் உட்கார்ந்திருப்பார்கள். "எங்களுக்கு மட்டும் ஏன் பை இல்லை?" என்று ஒருவர் எழுந்து கேட்டால், கரும்பலகையில் எழுதிக் காட்டி அவரை உட்கார வைக்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அட்டவணை போடும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும், இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கும் அப்பால் நாகலூர், வாழவந்தி பக்கம் உள்ள கிராமங்களிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்கள் பிரிவு ஆட்டத்தை மாலை கடைசி ஆட்டமாக வைத்தால், மலைக்குப் போகும் பஸ் போயிருக்கும். அப்புறம் அந்தப் பெண்ணை வீட்டில் அடுத்த போட்டிக்கு அனுப்ப மாட்டார்கள். ஆட்ட நேரத்தை எழுதும் முன் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் விளையாட்டு நிர்வாகம்தான்.

அடுத்தது தகுதிச் சரிபார்ப்பு. இதில்தான் எனக்கு ஆறாத ஒரு வருத்தம் இருக்கிறது.

பல்கலைக்கழகப் போட்டிக்கு யார் வேண்டுமானாலும் போய்விட முடியாது. முழுநேர மாணவராக இருக்க வேண்டும், வயது 17-க்கு மேல் 25-க்குள் இருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து 8 வருடம் தாண்டியிருக்கக் கூடாது என்பதெல்லாம் விதிகள். அந்தந்த வருடத்து விதிக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிவம் நிரப்ப வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் நகல், இந்தக் கல்லூரி மாணவர்தான் என்று சொல்லும் போனஃபைட் சான்றிதழ், புகைப்படம், முதல்வர் கையெழுத்து, பதிவாளர் கையெழுத்து. எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பல வருடத்துக்கு முன்னால் மலையிலிருந்து வந்த ஒரு பெண் 5,000 மீட்டர் ஓடினாள். காலையில் காபித் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கியே வளர்ந்த கால். தரையில் ஓடினால் மூச்சு வாங்குவதே தெரியாது. கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் ஜெயித்துப் பல்கலைக்கழக டீமுக்குத் தேர்வானாள். பள்ளிச் சான்றிதழில் அவள் பெயரோடு அப்பா பெயர் சேர்ந்திருந்தது, கல்லூரி ஆவணத்தில் வெறும் இனிஷியல். அதை விளக்கி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்திருந்தால் போதும். படிவத்தைச் சரிபார்க்க வேண்டியவர்கள் யாரும் பார்க்கவில்லை. நானும் கடைசி நேர அவசரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ராத்திரி முழுக்க ரயிலில் போய் இறங்கினோம். அங்கே ஆவணச் சரிபார்ப்பு மேசையில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஓட விடவில்லை. அவர்கள் செய்ததும் விதிப்படிதான். திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சேலம் ஜங்ஷன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டாள்: "சார், நான் இன்னும் வேகமா ஓடியிருந்தா விட்டிருப்பாங்களா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. அதற்கப்புறம் ஒவ்வொரு படிவத்தையும் வாய்விட்டுப் படித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. உங்களுக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே இதற்காகத்தான்.

இது ஏதோ சின்ன ஊரில் நடக்கிற பிழை என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் நடந்தன. இந்தியாவிலிருந்து 12 பேட்மின்டன் வீரர்கள் போனார்கள். மேலாளர்கள் கூட்டத்தில் பெயர்கள் சரியாகச் சேர்க்கப்படாததால் 6 பேர்தான் ஆட முடிந்தது. கலப்பு டீம் பிரிவில் இந்தியா வெண்கலம் வென்றது, மற்ற 6 பேரும் அத்தனை தூரம் போய்க் களத்தில் கால் வைக்கவில்லை. யார் மேல் தவறு என்று இங்கே பேசப் போவதில்லை. ஒரு பட்டியல், ஒரு கூட்டம், அதில் விட்டுப்போன பெயர்கள். ஒரு விளையாட்டு வீரனின் வாழ்க்கையில் மாணவராக இருக்கும் வருடங்கள் நாலோ ஐந்தோதான். போன வருடம் திரும்பி வராது.

அடுத்தது பணக் கணக்கு. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் பி.பி.ஏ. படித்தவர், சீக்கிரம் பிடித்துக்கொள்வீர்கள். டீம் கிளம்பும் முன் அட்வான்ஸ் வாங்க வேண்டும். பயணப்படி, தினப்படி, ட்ராக் சூட், ஷூ, நடுவர்களுக்கான தொகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசீது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தினப்படிக்கு அக்விட்டன்ஸில், அதாவது பணம் பெற்றுக்கொண்டதற்கான பட்டியலில், அவரவர் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப். திரும்பி வந்த வாரமே கணக்கை முடித்துவிடுங்கள். ஒரு டீமின் கணக்கு முடியாமல் கிடந்தால் அடுத்த டீமுக்கு அட்வான்ஸ் கிடைப்பது தள்ளிப்போகும், அப்போது டீம் மேனேஜர் சொந்தக் கையிலிருந்து போட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஆடிட்டில் கேட்கிற முதல் கேள்வி பந்து எத்தனை வாங்கினீர்கள், ஸ்டாக் ரெஜிஸ்டரில் எத்தனை ஏறியிருக்கிறது என்பதுதான். கிழிந்த பந்தைத் தூக்கிப் போடவும் ஒரு முறை இருக்கிறது. பில் இல்லாமல் வாங்காதீர்கள், கணக்கில் ஏற்றாமல் கொடுக்காதீர்கள்.

இனி, நீங்கள் சேரப் போகும் பயிற்சி நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

வெளிநாடுகளில் இதற்கு ஒரு தெளிவான வடிவம் இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., இண்டியானாபொலிஸிலுள்ள தன் தலைமை அலுவலகத்தில் பட்டம் முடித்தவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுக்கிறது. ஒருவரை ஒரு பிரிவில் அமர்த்தி, அந்தப் பிரிவின் வேலையையே செய்ய விடுவார்கள். பிரிட்டனில் 2008-இல் இரண்டு அமைப்புகள் இணைந்து உருவான பக்ஸ் என்ற அமைப்பு பல்கலைக்கழக விளையாட்டை நடத்துகிறது. அங்கே புதன்கிழமை பிற்பகல் என்றால் விளையாட்டுக்கு என்று பல பல்கலைக்கழகங்களில் வகுப்பே வைப்பதில்லை. வாராவாரம் ஆட்டங்கள் நடப்பதால், பயிற்சிக்கு வருகிறவருக்கு வாராவாரம் கைப்பழக்கம் கிடைக்கும். நம் ஊரில் அப்படி இல்லை. எல்லாம் ஒரு சில மாதங்களில் குவிந்து வரும், அப்புறம் மைதானம் காலியாகக் கிடக்கும். ஆகவே இங்கே ஓராண்டுப் பயிற்சி என்றால் அந்த ஓராண்டு எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பது முக்கியம்.

நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: "ஒரு போட்டியை முதலிலிருந்து கடைசிவரை என்னிடம் விடுவீர்களா சார்?" சுற்றறிக்கை அனுப்புவதில் தொடங்கி, பெயர் வாங்கி, ஃபிக்ஷர் போட்டு, நடுவர்களை அழைத்து, ஆட்டம் நடத்தி, முடிவுகளை அனுப்பி, கணக்கை முடிக்கும் வரை ஒரே ஒரு போட்டி போதும். சின்ன செஸ் போட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வேலை முழுசாக உங்கள் கையில் இருக்க வேண்டும். "பார்க்கலாம், சொல்ற வேலையைச் செய்யுங்க" என்று மழுப்பினால், வருடம் முழுக்க ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டும் கூரியர் அனுப்பிக்கொண்டும் இருப்பீர்கள். அப்படிப் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். வருடக் கடைசியில் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், ஒரு டீமைக்கூடத் தனியாக அனுப்பத் தெரியாது.

உதவித்தொகை பற்றியும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயிற்சி 1961-ஆம் வருடத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், தேசியப் பயிற்சித் திட்டத்தில் பதிவானதா என்று பாருங்கள். அப்படியானால் ஒப்பந்தம் இருக்கும், முடிவில் மத்திய அரசின் சான்றிதழும் வரும். 2019 விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள், குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு வெளியே, பல்கலைக்கழகமே தன் பணத்தில் நடத்தும் பயிற்சியும் நல்லதாக இருக்கலாம். ஆனால் நேரம், விடுமுறை, வெளியூர்ப் பயணத்துக்குப் படி உண்டா என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கட்டும்.

அப்புறம் என்ன வழி என்று கேட்டீர்கள். இதில் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்க மாட்டேன். இந்தப் பயிற்சியை முடித்தால் மட்டும் கல்லூரி உடற்கல்வி இயக்குநராகிவிட முடியாது. அதற்கு உடற்கல்வியில் 55 சதவீதத்தோடு முதுகலை, அதோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி, அல்லது முனைவர் பட்டம் வேண்டும். 2018-ஆம் வருட யூ.ஜி.சி. விதிப்படி உடல்தகுதித் தேர்வும் உண்டு. 30 வயதுக்குள் இருக்கும் ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் போக வேண்டும். ஆடுகிற உடம்பு உங்களுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்கிறேன். உடற்கல்வியில் இளநிலைப் படிப்பான பி.பி.எட். படிக்க, ஏற்கெனவே உடற்கல்விப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. எந்தப் பட்டமாக இருந்தாலும் 50 சதவீத மதிப்பெண்ணும், கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி அளவிலாவது ஆடியிருப்பதும் போதும். மூன்று வருடக் கபடிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பி.பி.எட். இரண்டு வருடம், அதற்கு மேல் முதுகலையான எம்.பி.எட். இரண்டு வருடம். நீண்ட பாதைதான், ஆனால் திறந்திருக்கிற பாதை.

அந்தப் பக்கம் போகாவிட்டால், நிர்வாகத்திலேயே தொடரலாம். வண்டலூர் பக்கம் மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படிக்கலாம். தனியார் பல்கலைக்கழகங்கள், விளையாட்டு அகாடமிகள், லீக் போட்டிகள் எல்லாவற்றுக்கும் போட்டி நடத்தத் தெரிந்த ஆள் தேவை. வாழப்பாடி கிரிக்கெட் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடந்தபோது போய்ப் பார்த்தீர்களா? பந்து போடுகிறவரைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அடுத்த தடவை போனால் எல்லைக் கயிற்றுக்கு வெளியே ஓடிக்கொண்டிருப்பவர்களைக் கவனியுங்கள். அத்தனை பேரும் எங்கோ ஒரு சின்ன மைதானத்தில் வேலை கற்றவர்கள்தான்.

வீட்டில் பேசும்போது பெரியவடகம்பட்டியைச் சொல்லுங்கள். அந்தக் கிராமத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கினார். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். இரண்டும் நம் மாவட்டத்துக் கிராமங்கள். திறமைக்கு இங்கே பஞ்சமே இல்லை. இப்படி ஒரு பிள்ளை ஊரைவிட்டுக் கிளம்பும்போது அதன் படிவத்தைச் சரியாக நிரப்பி, உரிய தேதிக்குள் அனுப்பி, டிக்கெட்டும் சாப்பாடும் பார்த்துக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். "அந்த ஆளாகத்தான் நான் போகிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகள் பெரும்பாலும் ஆகஸ்டில் சூடு பிடிக்கும், மண்டலப் போட்டிகள் அக்டோபருக்கு மேல் ஜனவரி வரை போகும். ஜூனில் சேர்ந்தால் சுற்றறிக்கை எழுதுவதிலிருந்து எல்லாம் கண்ணில் படும். ஜனவரியில் சேரச் சொன்னால், முதல் ஆறு மாதம் பழைய பைல்களை அடுக்குவதிலேயே போய்விடும். ஜூன் மாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் பழைய கல்லூரி பி.டி. சாரைப் போய்ப் பார்த்து, போன வருடத்து என்ட்ரி ஃபார்ம் பைலை ஒருநாள் உட்கார்ந்து படிக்கக் கேளுங்கள். அதில் உங்கள் படிவமும் இருக்கும். அதில் உங்கள் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.